பருத்திச் சட்டை

தீக்குச்சிச் சுடரில், சட்டையிலிருந்து உருவிய நூல் எரிந்து சாம்பலாகவில்லை. உருகி, நுனியில் கறுப்பு மணியாகத் திரண்டது. கண்ணாடி ஊதும் பட்டறையின் வாசலில் நின்ற ரிட்டயர்ட் கண்டக்டருக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"இதுவும் பருத்தி இல்ல சார். உலை முன்னாடி ஒரு பொறி பட்டாப் போதும், சட்டை உருகித் தோலோட ஒட்டிக்கும்," என்றாள் பயிற்சி கொடுக்கும் பெண்.

இத்துடன் மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டாள். முதல் தடவை நைலான் சட்டையில் போய் நின்றது அவர் தப்புதான். ஆனால் அடுத்த இரண்டும் இதற்கென்றே புதிதாகத் தைத்தவை. மூடிய ஷூ, கண்ணுக்குக் கவசம், மோதிரம் கழற்றிய விரல் என்று மற்றதெல்லாம் சரியாக இருந்தும் சட்டை காலை வாரிவிட்டது.

தைத்தது யார் தெரியுமா என்று அவர் எகிறினார். அவர் மனைவி பேர்போன தையல்காரி. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே துணியில் என்ன கலந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, அவர் இடத்தை இனி காத்திருக்கும் வேறொருவருக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றாள்.

உள்ளே யாரோ நீளக் குழலைச் சுழற்றி ஊத, ஆரஞ்சு நிறக் குமிழ் மெல்லப் பெருத்தது. காலமெல்லாம் பஸ்ஸில் விசில் ஊதியவர், தனக்கென்று ஆசைப்பட்டது இந்த ஒன்றுக்குத்தான். அழுகை வராத குறையாகத் திரும்பி நடந்தார்.

அவர் என்ன, பாடத்தைக் கவனிக்காதவரா? முதல் நாளே வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒப்பித்தார். கொதிக்கிற கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், தொட்டுப் பார்க்கவே கூடாது. சட்டை நூலை எரித்துப் பார்க்காமல் யாரையும் உள்ளே விடமாட்டார்கள். அயர்ன் பாக்ஸ் சூடாகிவிட்டதா என்று போன மாதம் உள்ளங்கையை வைத்துப் பார்த்த மனிதர் இதைச் சொன்னதுதான் வேடிக்கை.

மனைவி சிரிக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொன்னால் வீம்புக்காகவே உலைக்குள் தலையை விடுகிற ஆள் அவர். சட்டையை நானே தைத்துத் தருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

இன்று வழியெல்லாம் துணிக்கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார். மனைவி மெஷினை நிறுத்திவிட்டு முழுக்கக் கேட்டாள். இந்தக் காலத்தில் யாரைத்தான் நம்புவது என்று உச்சுக்கொட்டினாள். தனக்குக் கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்று சொல்லி, சட்டையைக் கழற்றி மேஜையில் எறிந்துவிட்டு அவர் குளிக்கப் போனார்.

அம்மாவுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மகள் அந்தச் சட்டையை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"ஏம்மா, இது பாலியஸ்டர்னு எனக்கே தெரியுது. உனக்கா தெரியாமப் போச்சு?"

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை அம்மா வாயைத் திறக்கவில்லை.

"தெரிஞ்சுதாண்டி தைச்சேன்."