ஞாபகசக்தி உள்ள மிஷின்

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் மூக்குக்கண்ணாடி இந்த நிமிஷமே உடைந்து போகட்டும்.

"வாசல்ல பழைய இரும்பு வாங்கறவர் வண்டி வந்து நிக்குது. இன்னும் என்ன யோசனை?" என்றான் கணவன்.

தையற்காரி தன் எம்பிராய்டரி மிஷினுக்குக் குறுக்கே நின்றாள். ஆஸ்பத்திரிச் சட்டைகளில் வருஷா வருஷம் பூச்சின்னம் தைத்துத் தந்த மிஷின். போன வாரம் புதுக் கம்ப்யூட்டர் வந்தது, மிஷின் ஊமையாகிவிட்டது. பழைய கம்ப்யூட்டர் சுவருக்கு அந்தப் பக்கம், மாமனார் அறைக்குப் போய், சீட்டாடும் பெட்டியாகிவிட்டது.

மிஷினைப் பார்க்க வந்திருந்த மெக்கானிக் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, மிஷின் மேல தப்பே இல்ல. கம்ப்யூட்டரையும் அதையும் பேச வைக்கிற டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு. அது பழசு. புதுக் கம்ப்யூட்டர் அதைப் பாத்து 'யாருய்யா நீ'ங்குது. புது டிரைவர் எழுதித் தரலாம்னா, மிஷினைச் செஞ்ச கம்பெனியையே மூடிட்டாங்க. அந்தப் பழைய கம்ப்யூட்டர் இருந்தாலாவது..."

"அதுல சீட்டைத் தவிர எதுவும் ஓடாது! எல்லாம் போயாச்சு!" என்று உள்ளேயிருந்து மாமனார் அவசரமாகக் குரல் கொடுத்தார்.

"கேட்டியா? எடைக்குப் போட்டுடலாம்."

"உங்களுக்கும்தான் வயசாச்சு. எடைக்கா போட்டேன்?"

மெக்கானிக் தொண்டையைச் செருமினார். "கடைசியா ஒண்ணு பாக்கறேன். கம்ப்யூட்டர் தேதியைப் பதினஞ்சு வருஷம் பின்னால தள்ளிடறேன். தன்னோட காலம்னு நம்பி டிரைவர் எழுந்தாலும் எழும்."

தேதியைத் தள்ளினார். கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினார்.

ஒன்றும் இல்லை. வாசலில் ஹாரன் அடித்தது. கணவன் மிஷினைத் தூக்கக் குனிந்தான்.

"தூக்குங்க," என்றாள் தையற்காரி, குரல் உடைந்து. "இதோட நானும் ஊசியைக் கீழ வச்சிடறேன்."

உள்ளறையில் நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு ஓர் இருமல்.

மிஷின் சிலிர்த்தது. டக். டக். அப்புறம் கடகடவென்று ஊசி இறங்க, துணியில் முதல் இதழ் சிவப்பாக விரிந்தது.

இரும்புக்காரர் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றினார். மெக்கானிக்குக்கு மயிர்க்கூச்செறிந்தது. "அக்கா... நான் இன்னும் டிசைனையே ஏத்தலையே!"

"பின்ன எப்படித் தைக்குது?"

"ஞாபகம் வச்சிருக்கு அக்கா. இத்தனை வருஷமா மனசுலயே வச்சிருக்கு."

நூல் அறுந்தது. "ஐயோ, நில்லு!" என்று அலறினாள். மிஷின் நின்றது.

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நூலைக் கோத்துவிட்டு, "ஓ... ஓடு," என்றாள். ஓடியது.

"பேசினா கேக்குது!" கணவன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான்.

"மெதுவா," என்று இரும்புக்காரர் ரகசியம் போலச் சொன்னார். கேட்கவில்லை. உரக்கச் சொன்னார். மெதுவாகியது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரி ஆர்டர் முடிந்தது. இரும்பு வண்டி காலியாகத் திரும்பிப் போனது. மறுநாளிலிருந்து கணவன் மிஷினோடு மரியாதையாகத்தான் பேசினான்: "கொஞ்சம் ஓடுங்க... போதுங்க."

இவ்வளவு பெரிய அதிசயத்தைப் பார்க்க மாமனார் மட்டும் எழுந்து வரவேயில்லை.

பழைய கம்ப்யூட்டரை அவர் அறைக்கு மாற்றியபோது, அதிலிருந்து மிஷினுக்குப் போகும் கேபிளைக் கழற்ற எல்லோருமே மறந்துவிட்டார்கள். அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.