ஆறு மாத ஆயில்

மோட்டாரின் கீழ் ஸ்க்ரூ முதல் சுற்றிலேயே இளகிவிட்டது.

அவன் கையை எடுத்துவிட்டு அதைப் பார்த்தான். சுத்தியல், மண்ணெண்ணெய் நனைத்த துணி, நீளப் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவர் என்று சண்டைக்குப் போகிறவன்போல எல்லாவற்றையும் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்தான். எதிரில் சண்டைக்கு ஆளே இல்லை.

ஆறு மாதம் உப்புத் தண்ணீரில் ஊறிய ஸ்க்ரூ இப்படி வராது.

வள்ளத்து மோட்டார் முன்னறையில், மரச் சட்டத்தில் தொங்கியது. கரையில் விட்டுவைத்தால் காலையில் இருக்காது. அதனால் அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் மோட்டாருக்கு ஓர் இடம் உண்டு. இந்த வீட்டில் அது மாதா படத்துக்கு நேர் கீழே.

ஞாயிற்றுக்கிழமை. யாரும் கடலுக்குப் போகாத நாள்.

கியர் ஆயிலை மாற்றி ஆறு மாதம் ஆகியிருந்தது. எப்போதும் மாற்றுகிறவர் ரெமிஜியுஸ். மனைவியின் அண்ணன், கரையில் பேர்பெற்ற மோட்டார் மெக்கானிக். மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், இலை போட்டு நாற்பது பேர் உட்கார்ந்திருக்க, இவன் வாய் சும்மா இருக்கவில்லை. முந்தின நாள் மோட்டார் லேசாக முனகியிருந்தது, அவ்வளவுதான்.

"பழைய ஆயில ஊத்திட்டு புதுசுன்னு சொல்லுதீரு மச்சான்."

ரெமிஜியுஸ் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். இனி இந்த வீட்டுப் படி மிதிக்க மாட்டேன் என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு மெக்கானிக்கிடம் போனால் கரையே சிரிக்கும். தானே மாற்றலாம் என்றால் சோம்பல். அந்தச் சோம்பலுக்கு ரோஷம் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆறு மாதம் ஓட்டினான்.

ஆனால் மோட்டார் கெட்டுப்போகவில்லை.

அதுதான் அவனை அரித்தது.

பக்கத்து வள்ளக்காரனுக்கு இதே அலட்சியத்தில் நான்கே மாதத்தில் நடுக்கடலில் கியர் உடைந்தது. ஒரு ராத்திரியும் ஒரு பகலும் நீரோட்டம் இழுத்த பக்கமெல்லாம் போனான். இவனுடைய மோட்டாரோ நேற்றுகூட ஒரு முனகல் இல்லாமல் ஓடியது.

எப்படி?

தகர டப்பாவைக் கீழே வைத்தான். ஸ்க்ரூவை முழுக்கக் கழற்றினான். மேல் ஸ்க்ரூவையும் கழற்றினான். காற்று உள்ளே போனால்தான் ஆயில் இறங்கும்.

கறுப்பாக வரும் என்று நினைத்தான். தண்ணீர் புகுந்திருந்தால் பால் விட்ட டீ மாதிரி வரும்.

தேன் நிறத்தில் வந்தது.

நிதானமாக, டப்பாவின் அடி தெரியும்படி வந்தது.

விரலில் எடுத்துத் தேய்த்தான். மோந்து பார்த்தான். கருகல் வாசம் கிடையாது. ஸ்க்ரூ நுனியில் உள்ள காந்தத்தில் ஒட்டியிருக்க வேண்டிய இரும்புப் பொடி கொஞ்சமும் இல்லை. வாஷர் புத்தம் புதுசு. இந்த ஆயில் ஒரு நாள்கூடக் கடலுக்குப் போகவில்லை.

நேற்று மாலைவரை மோட்டார் அவனோடு கடலில் இருந்தது. ராத்திரி அதன் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தவனும் அவனே.

பிறகு எப்போது?

இன்று காலை. அவன் முதல் பூசைக்குப் போயிருந்த ஒன்றரை மணி நேரம். மனைவி ஜெசிந்தா எப்போதும் இரண்டாம் பூசைக்குப் போகிறவள். அந்த நேரத்தில் வீட்டில் அவள் மட்டும்தான்.

மச்சான் இன்று கோயிலில் இல்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு. போன மாதம் முதல் ஞாயிறும் இல்லை. அதற்கு முந்தின மாதமும் இல்லை. மற்ற ஞாயிறுகளில் பக்கவாசல் தூணில் சாய்ந்து நிற்பார். உங்கள் அண்ணனுக்கு என் முகத்தைப் பார்க்க வெட்கம், பூசையையே விட்டுவிட்டார் என்று இவன் வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான். ஜெசிந்தா தோசையைத் திருப்பிப் போட்டிருக்கிறாள்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அவள் நிலைவாசலில் நின்றாள். டப்பாவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. கரை தெரியாத தூரத்திலிருந்து இந்த ஆறு மாதமும் யார் கைவேலையை நம்பித் திரும்பி வந்தோம் என்பது இப்போதுதான் உறைத்தது.

கேட்க நிறைய இருந்தது. நீ கூப்பிட்டாயா, அவராக வந்தாரா. ஒரு வாய் டீயாவது குடித்தாரா.



வாங்கி வைத்த புது ஆயில் ட்யூப் பக்கத்தில் கிடந்தது. மேலிருந்து ஊற்றினால் காற்று அடைத்துக்கொள்ளும். கீழ்த் துளையில் வைத்துப் பிழிந்து, மேல் துளையில் வழியும்வரை ஏற்ற வேண்டும். பதினைந்து வருஷம் மச்சானுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தவனுக்கு இதில் தெரியாதது ஒன்றும் இல்லை.

மூடியைத் திறக்காமலே ட்யூபை ஓரமாக வைத்தான்.

கையைத் துணியில் துடைத்தான். விரல் விரலாக, நேரமெடுத்துத் துடைத்தான்.

"உங்க அண்ணன வரச் சொல்லு," என்றான். "ஆயில எறக்கிட்டாரு, திரும்ப ஏத்தத் தெரியலியாம்னு சொல்லு."

ஜெசிந்தா நகரவில்லை. சரியாகத்தான் கேட்டோமா என்று அவன் முகத்தையே பார்த்தாள்.

"நான் வீட்டுலதான் இருக்கேன்னும் சொல்லு."