மடியில் இருந்த கலயம்

துணி கட்டிய மண்கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு பங்குச் சாமியாரின் எதிரில் உட்கார்ந்திருந்தார் கிழவர் சவரியப்பன். பல்லடம் பஸ்ஸில் வரும்போதே பக்கத்து சீட்டுக்காரன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டான்.

“எரிச்ச சாம்பலுக்குக் கல்லறைத் தோட்டத்துல எடம் உண்டுங்களா சாமி?”

“உண்டுங்க ஐயா. ஊட்டுல வெச்சிருக்கக் கூடாது, ஆத்துல கரைக்கக் கூடாது. அவ்வளவுதான்.”

“எரிஞ்சு போனவனைக் கடசி நாள்ல ஆண்டவர் எழுப்புவாருங்களா? மனசுக்காகப் பொய் சொல்லாதீங்க.”

“மண்ணுல மனுசனைச் செஞ்சவருக்குச் சாம்பல் பெரிய காரியமுங்களா? குடுங்க, செபம் சொல்லி அடக்கம் பண்ணிரலாம்.”

சாமியார் இரண்டு கையாலும் வாங்கினார். கனமே இல்லை. துணியை அவிழ்த்துப் பார்த்தார்.

“என்னங்க ஐயா, காலியா இருக்குது?”

“நான் இன்னும் சாகலீங்களே சாமி. பையன் கோயிலுக்கே வாரதில்லீங்க. என்னை மின்மயானத்துல எரிச்சு, நொய்யல் ஆத்துச் சாயத்தண்ணியில கரைச்சுப் போடுவேங்கறான். நான் போனதும் இதை நீங்களே அவன் கையில குடுங்க. ரொப்பிக் கொண்டாரட்டும்.”

சாமியார் கலயத்தைத் திருப்பினார். அடியில் ஆணியால் கீறியிருந்தது: சவரியப்பன்.

“மின்மயானத்துல ஆளை மாத்திக் குடுத்துருவானுங்க சாமி. எவனையும் நம்ப முடியாது.”