ஐந்தாவது ஆட்சேபணை

“இந்த மனுவை வாங்க முடியாது சார். கையெழுத்தே இல்லையே” என்றாள் சார்பதிவாளர் அலுவலக கிளார்க் சகாயம்மாள்.

சேஷு மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் பக்கத்திலும் இல்லை, இரண்டாம் பக்கத்திலும் இல்லை.

“ஒரு கையெழுத்துக்காகத் திருப்பி அனுப்புவேளா? இது ஆபீஸா, அழிச்சாட்டியமா?” ஜன்னலுக்கு வெளியே கேட்கும்படி கத்தினார்.

கீழே ஆட்டோவில் அவருடைய அண்ணா காத்திருந்தார். முழங்கால் வலி. பத்தொன்பது படி ஏற முடியாது. “சேஷு, வாங்கிண்டுட்டாளா?” என்று அவர் குரல் மட்டும் ஏறி வந்தது.

இது நான்காவது மனு.

சேஷுவின் மகள் ப்ரியம்வதாவும், காந்தி மார்க்கெட் பக்கத்துப் பையன் நவ்ஷாத்தும் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள அந்த சார்பதிவாளர் அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்திருந்தார்கள். முப்பது நாள் அது பலகையில் தொங்க வேண்டும். அதற்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபணை கொடுக்கலாம். கொடுத்தால் விசாரணை. அதற்கு இன்னொரு முப்பது நாள்கூட ஆகலாம்.

நவ்ஷாத்துக்கு லீவு மொத்தமே நாற்பது நாள். பிறகு துபாய். அடுத்த லீவு இரண்டு வருஷம் கழித்து. அதற்குள் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக் கொடுத்துவிடலாம் என்பது அண்ணாவின் திட்டம். அவர் சொல்லச் சொல்ல சேஷு எழுதினார்.

முதல் மனுவில் ‘மதம் வேறு’ என்று காரணம்.

“சட்டத்துல அது காரணமே இல்லை சார். வயசு குறைவு, ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்க, புத்தி சரியில்லை, நெருங்கின உறவு. இந்த நாலுதான்.”

இரண்டாவது மனுவுக்குள் அண்ணா ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். பையனுக்குத் துபாயில் மனைவி உண்டு! ஆனால் மனு தாசில்தாருக்கு எழுதப்பட்டிருந்தது.

மூன்றாவதில் நோட்டீஸ் எண் தப்பு. “இதை வாங்கினா காட்டூர்ல யாரோட கல்யாணமோ நிக்கும் சார். அவங்க உங்களுக்கு என்ன பாவம் பண்ணாங்க?”

இப்போது நான்காவதும் போயிற்று. சேஷு முணுமுணுத்துக்கொண்டே படி இறங்கினார்.

“பேனாவைக் கொடுத்து இங்கேயே கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தா வேலை முடிஞ்சிருக்குமே மேடம்?” என்றார் அலுவலக உதவியாளர் ராமர்.

“முடிஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு ஆசையும் சேர்ந்து முடிஞ்சிருக்கும்.”

ராமர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப நீங்க வேணும்னேதான்…”

“தப்பு இருந்தது, திருப்பினேன். தப்பில்லாம கொண்டு வந்தா நான் வாங்கித்தானே ஆகணும்? இன்னும் ஆறு நாள் இருக்கு. நினைச்சா சோறு இறங்க மாட்டேங்குது.”

முப்பதாவது நாள். சாயங்காலம் ஐந்து பத்துக்கு ஐந்தாவது மனுவுடன் வந்தார் சேஷு.

சகாயம்மாள் வரி வரியாகப் பார்த்தாள். விலாசம் சரி. நோட்டீஸ் எண் சரி. தேதி, கையெழுத்து எல்லாம் சரி. வேறு வழியில்லாமல் பதிவுப் புத்தகத்தை எடுத்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

“சார், மாப்பிள்ளை பேர் எழுத வேண்டிய இடத்துல உங்க பேரை எழுதியிருக்கீங்க.”

“அப்படியா?”

“இதுப்படி பார்த்தா ஏற்கெனவே கல்யாணம் ஆனவர் நீங்கதான்.”

“ஆயிருக்கே! ஸ்ரீரங்கத்துல யாரை வேணும்னாலும் கேளுங்கோ, முப்பது வருஷம் ஆச்சு.”

ராமர் ஒரு ஃபைலை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார்.

“வேற எழுதிட்டு வாங்க சார். அஞ்சே முக்கால் வரைக்கும் இருப்போம்.”

சேஷு பத்தொன்பது படியையும் ஒவ்வொன்றாக இறங்கினார். கீழே அண்ணா அரசாங்கத்தைத் திட்டுவது கேட்டது. ஐந்தே முக்கால் ஆயிற்று. யாரும் ஏறி வரவில்லை.

மூன்றாம் நாள் காலை ப்ரியம்வதாவும் நவ்ஷாத்தும் மாலையோடு வந்தார்கள். மூன்று சாட்சிகள் வேண்டும். மூன்றாவது சாட்சி, கே.கே. நகர் நண்பன், ஆதார் அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

“போன்ல இருக்கிற படம் செல்லாதுங்க. ஒரிஜினல் வேணும்.”

“போய் எடுத்துட்டு வந்துடறேன் மேடம்.”

“சார்பதிவாளர் ஐயா இன்னும் அரை மணி நேரத்துல மீட்டிங் கிளம்பிடுவாரே. அப்புறம் நாளைக்குத்தான்.”

“நாளைக்கு விடியக்காலை எனக்கு ஃப்ளைட்டுங்க” என்றான் நவ்ஷாத்.

அப்போது படியேறி வந்து நின்றார் சேஷு. ப்ரியம்வதா நவ்ஷாத்தின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சகாயம்மாள் எழுந்தேவிட்டாள்.

“நாள் முடிஞ்சுபோச்சு சார். இனிமே மனு எதுவும் வாங்க முடியாது!”

சேஷு ஒரு கவரை மேஜைமேல் வைத்தார். ஆதார் ஒரிஜினல். நகல் இரண்டு, இரண்டிலும் கையெழுத்து. போட்டோ இரண்டு, பின்பக்கம் பெயர்.

“சாட்சிக்கு ஆள் குறைஞ்சா நான் போடலாமோன்னோ?”

ப்ரியம்வதா அவருக்குப் பின்னால் படியை எட்டிப் பார்த்தாள். “அப்பா… பெரியப்பா?”

“காலம்பற பல்லவன் எக்ஸ்பிரஸ்ல மெட்ராஸுக்கு ஏத்தி விட்டுட்டேன்.”

சகாயம்மாள் எல்லாவற்றையும் இரண்டு தடவை பார்த்தாள். ஒரு குறை இல்லை.

“இவ்வளவு சுத்தமா கொண்டு வரத் தெரிஞ்சவர், அன்னிக்கெல்லாம் ஏன் சார் அப்படி?”

சேஷு தன் பேனாவைத் திறந்துகொண்டே சொன்னார்:

“முப்பத்தோரு வருஷம் ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஹெட்கிளார்க்கா இருந்தவன்மா நான். அஞ்சு மனுவிலயும் ஒவ்வொரு தப்பா நுழைக்கறதுக்குள்ள என் பிராணனே போயிடுத்து!”