முப்பத்தொரு கையெழுத்து

"அங்கன எல்லாம் சின்னப் பிள்ளைகளா சார்?" கேட்கும்போதே பாக்கியசீலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஆமாலே. மூணாங்கிளாசு வரைக்கும்தான் இருக்கு. எல்லாம் பொடிசுக" என்றார் எலியேசர் வாத்தியார்.

ஏழாம் வகுப்பில் முப்பத்தொரு பையன்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடடா, பாளையங்கோட்டையில் பத்து வருஷம் தொண்டை கிழியக் கத்தியது வீண்போகவில்லை, பையன்கள் நம்மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார் வாத்தியார்.

விஷயம் இதுதான். ஆழ்வார்குறிச்சியில் மிஷனார் புதிதாக ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியிருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை முதல் எலியேசர் அங்கே தலைமை வாத்தியார் என்று உத்தரவு வந்துவிட்டது. அதைத்தான் இப்போது வகுப்பில் சொல்லியிருந்தார்.

பதவி பெரிசுதான், யார் இல்லையென்றது? ஆனால் அவர் மனைவி சாலோமிக்கு இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. "நீங்க போயிட்டு வாங்க. மாசம் ஒருக்கா நான் வந்து பாத்துக்கிடுதேன்" என்று அந்த அம்மாள் கூசாமல் சொல்லிவிட்டாள். வாத்தியாருக்கோ வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ஒருமுறை அவள் ஊரில் இல்லாதபோது கஞ்சி காய்ச்சப் போய், பானையோடு சேர்த்துக் குப்பையில் போட வேண்டியதாயிற்று.

பள்ளிக்கூடத்து மானேசர் கிருபைராஜ் பாதிரியாரிடம் இரண்டு தடவை போய்க் கெஞ்சிப் பார்த்தார். "ஊழியத்துக்குன்னு வந்த பொறவு சோறு கொழம்பு பாக்கலாமாவே?" என்று அனுப்பிவிட்டார் மனுஷன். வேறு வழி? யோசித்து யோசித்து இன்றைக்கு ஒரு பாடத்தைக் கையில் எடுத்திருந்தார்.

"ஏலே, விண்ணப்பம் எழுதுதது எப்படின்னு இன்னைக்குப் பாப்போம். ஒரு ஊர்ல ஒரு நல்ல வாத்தியார்னு வைங்க. பாவம், அவருக்கு மாத்தல் வந்துட்டு. அதை ரத்து பண்ணச் சொல்லி மானேசருக்கு எழுதணும்."

"வாத்தியார் பேரு என்ன சார்?" என்று எழுந்தான் சிவசைலம்.

"ஏதாவது ஒரு பேரு போடுலே. எலியேசர்னே போடேன்."

பிரம்பை மேசைமேல் ஒரு தட்டுத் தட்டினார். வாரம் தவறாமல் நல்லெண்ணெய் தடவி வளர்க்கும் பிரம்பு. "நல்லாக் கேட்டுக்கிடுங்க. என்னைக்கும் உனக்கு வேணும்னு கேக்காத. அடுத்தவன் பாவம்னு கேளு. கேக்குததுல இரக்கம் இருந்தா எப்பேர்ப்பட்ட ஆளும் கரைஞ்சிருவாரு." அடுத்தவன் என்று சொல்லும்போது, புரியாத மண்டைகளுக்காகத் தன் மார்பையே இரண்டு தடவை தொட்டுக் காட்டினார்.

பின்பெஞ்சில் கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு சிவசைலம் மறுபடியும் எழுந்தான். "ஆளுக்கொண்ணு எழுதாம எல்லாருமாச் சேந்து ஒண்ணா எழுதுதோம் சார். நெசமாவே மானேசரய்யாகிட்ட குடுத்திரலாமா?"

கரும்பு தின்னக் கூலியா! "உங்க இஷ்டம்லே. ஆனா நான் பாக்கக் கூடாது. பாத்தா நானே சொல்லி எழுத வெச்ச மாதிரி ஆயிரும்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பியது முகம் மட்டும்தான், கண் இங்கேதான் இருந்தது. 'இரக்கம்' என்ற சொல் மூன்று இடத்தில் தெரிந்தது. எழுதிக்கொண்டிருந்த பாக்கியசீலனின் கண்ணீர் ஒரு சொட்டு மையில் விழுந்து எழுத்தைக் கலைத்ததும் தெரிந்தது. இதற்குமேல் என்ன வேண்டும்?

முப்பத்தொரு பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். தூக்குச்சட்டியில் மிச்சமிருந்த சோற்றுப் பருக்கையால் உறையை ஒட்டி, மானேசர் பங்களாவுக்குக் கூட்டமாக ஓடினார்கள்.

இரண்டு நாள் வாத்தியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாலோமி குழம்பு ஊற்றும்போதெல்லாம் இதுதான் கடைசிக் குழம்போ என்று பெருமூச்சு விட்டார். மூன்றாம் நாள் காலையில் மானேசர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்ததுதான் தாமதம், பிரம்பைக் கக்கத்தில் இடுக்கியபடியே ஓடினார்.

"வாரும்வே" என்றார் பாதிரியார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "உம்ம மாத்தலை ரத்து பண்ணியாச்சு. ஆழ்வார்குறிச்சிக்கு வேற ஆள் போறாரு."

"ஐயா!"

"எனக்கு நன்றி சொல்லாதயும். பையன்களுக்குச் சொல்லும். இப்படி ஒரு விண்ணப்பத்தை என் ஆயுசுல நான் படிச்சதில்ல. கண்ணு நனைஞ்சு போச்சுவே."

எலியேசர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "பயலுகளுக்கு எம்மேல அம்புட்டுப் பாசம்யா. அன்னைக்குக் கிளாசுல நான் போறேன்னு சொன்னதும் அழுதே போட்டானுக."

"பாசமா?" பாதிரியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். "மொதல்ல அந்தப் பிரம்பை இங்கன குடும். இனிமே அது இந்த அலமாரிக்குள்ளதான் இருக்கும்."

"பிரம்பு... எதுக்குய்யா?"

பாதிரியார் காய்ந்த சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்த உறையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தார். கடைசி வரிக்கு வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்:

"எங்களுக்கு இவர் அடி பழகிப்போயிற்று, ஆழ்வார்குறிச்சிச் சின்னப் பிள்ளைகள் தாங்க மாட்டார்கள் ஐயா!"