தயாளனின் வலது கை

தயாளனும் ரெனால்டும் சேர்ந்து நடத்திய எலக்ட்ரானிக் டான்ஸ் கச்சேரிகளில் தயாளனுக்கு ஒரே வேலைதான். பாட்டு உச்சத்துக்கு ஏறும்போது வலது கையைத் தூக்குவான்; கை இறங்கும் நொடியில் பீட் இறங்கும், கூட்டம் குதிக்கும். மற்றதையெல்லாம் லேப்டாப் பார்த்துக்கொள்ளும். புது ஆல்பம் ராக்தான் என்று ஒருநாள் ரெனால்ட் முடிவெடுத்தான். "இனிமே லேப்டாப்பே கிடையாது மச்சான். எல்லாம் நம்ம கையால வாசிக்கிறதுதான்." சும்மா கை தூக்குகிறவன் என்ற பெயர் இதோடு ஒழியட்டும் என்று, இடது கை விரல்நுனிகள் காய்த்துப்போகும்வரை தயாளன் கிட்டார் பழகினான். முதல் கச்சேரியில் ஓரிடத்தில்கூடத் தப்பு விழவில்லை. அவனுக்கே ஆச்சரியம். கூட்டமோ பஸ்ஸுக்கு நிற்பதுபோல நின்றது. "அண்ணே, கைய எப்பண்ணே தூக்குவீங்க?" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். தயாளன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் பாட்டு உச்சத்துக்கு ஏறியதும் பழக்கதோஷத்தில் கை தானாக எழுந்துவிட்டது. மைதானமே கையைத் தூக்கிக்கொண்டு அலறியது. அலறல் கொஞ்சம் அடங்கியபோதுதான் அவனுக்குக் கேட்டது: அவனுடைய கிட்டார் அது பாட்டுக்குப் பிசிறில்லாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தான். ட்ரம்ஸ் தட்டிக்கொண்டிருந்த ரெனால்டின் காலடியில், துண்டு போர்த்திய ஏதோ ஒன்று நீலமாக ஒளிர்ந்தது. "கைய இறக்குடா, மானம் போவுது," என்று ரெனால்ட் பல்லைக் கடித்தான். கூட்டம் தூக்கிய கைகளோடு காத்திருந்தது. தயாளன் தன் கையை அண்ணாந்து பார்த்தான். அதை இறக்க அவனுக்கு ஓர் அவசரமும் இருக்கவில்லை.