துரைமார் சவக்காலை

"மெசினை நிப்பாட்டு! இல்லாட்டி என்ரை மேலாலை ஏத்திக்கொண்டு போ!"

சவக்காலையின் உடைந்த வாசலில் அருமைநாயகி கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். புல்டோசர் அவள் பாதங்களுக்கு முன்னால் உறுமிக்கொண்டு நின்றது. சாரதி இறங்கி, பிரதேசசபைத் தவிசாளர் மயூரதனின் முகத்தைப் பார்த்தான்.

வேறு யாராக இருந்தாலும் மயூரதன் பொலிஸைக் கூப்பிட்டிருப்பான். இது பெற்ற தாய்.

"அம்மா, எழும்புங்கோ. சனம் பாத்துச் சிரிக்குது."

"சிரிக்கட்டும்."

புத்தூர் தெருவோரத்தில் பற்றை மூடிய சில கல்லறைகள், அவ்வளவுதான். வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தில் கொள்ளைநோயில் மாண்ட துரைமாரும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே கிடந்தார்கள். காவல்காரன் லெனாட் செத்த பிறகு, கூட்டித் துப்புரவாக்கியது அருமைநாயகிதான். நாள் தவறாமல் பிள்ளையார் கோயிலுக்குப் போகிற மனுஷிக்கு வேதக்காரரின் சவக்காலையில் என்ன வேலை என்று ஊர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மயூரதனுக்கு இந்த நிலம் வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு இங்கே நினைவு மண்டபம் எழுப்பச் சபையில் சண்டை பிடித்து ஒப்புதல் வாங்கியிருந்தான். முதல் பெயர் அவனுடைய அப்பா வாகீசனுடையது. ஆமி பிடித்துக்கொண்டு போன அப்பா. அவரின் படத்தை நெஞ்சில் அணைத்தபடிதான் அவன் தெருவில் குந்தியிருந்தான், மேடையில் முழங்கினான், தேர்தலில் வென்றான். அம்மா மட்டும் ஒரு போராட்டத்துக்கும் வந்ததில்லை.

"எங்களை அடிமையா வைச்சிருந்தவங்கள். அவங்கடை எலும்புக்கு நீங்கள் காவலோ?"

"உதிலை கிடக்கிறது மூண்டு வயசுப் பெட்டை. அவளோ உன்னை ஆண்டவள்?"

"விசர்க்கதை கதையாதேங்கோ. அப்பாவுக்கு ஒரு கல்லுக்கூட இல்லை. அது உங்களுக்கு நோகேல்லையோ?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கவில்லை.

"எனக்கு நோகிறதை நீ எனக்குச் சொல்லித் தரவேண்டாம். மண்டபத்தை வேறை எங்கையும் கொண்டுபோய்க் கட்டு. இதிலை ஒரு பிடி மண் அள்ள விடமாட்டன்."

சுற்றி நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மயூரதனுக்கு முகம் சிவந்தது.

"தூக்குங்கோ அவவை!"

இரண்டு பேர் முன்னே வந்தார்கள். அருமைநாயகி எழுந்து உள்ளே ஓடினாள். மதிலோரம் இருந்த ஒரு துரையின் கல்லறைக்கு மேல் விழுந்து இரு கைகளாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இழுத்தார்கள். சேலை கிழிந்தது; பிடி தளரவில்லை.

"விடுங்கோ அம்மா!"

மயூரதனே குனிந்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கல்லில் இருந்து பிரிக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் அவள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"உன்ரை அப்பாவை ஆமி பிடிக்கேல்லையடா. துரோகியெண்டு சொல்லி எங்கடை இயக்கப் பெடியள்தான் அயலூர்ச் சந்திக் கம்பத்திலை கட்டிச் சுட்டவங்கள், பிணத்தை ஆரும் தொடக்கூடாதெண்டும் சொன்னவங்கள். நானும் லெனாட்டும்தான் ராவோடை ராவா ஒருத்தருக்கும் தெரியாமல் அவிட்டுக்கொண்டு வந்து, இந்தத் துரையின்ரை கல்லுக்குக் கீழை தாட்டனாங்கள்."